ஐபீரிய பியானோக் கச்சேரிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த நிலப்பகுதியை ஐபீரியத் தீபகற்பம் என்கிறோம். மேற்கத்திய செவ்வியல் பியானோ பயின்று மேடைக்கு வரும் இளம் கலைஞர்கள் பலருக்கு, இந்த மண்ணின் இசையை மட்டுமே வைத்து ஒரு தனிக்கச்சேரி செய்ய வேண்டும் என்று ஆசை உண்டு. விரலின் வித்தையைக் காட்ட இடம் கிடைக்கும். கேட்பவர்களுக்கும் சீக்கிரம் பிடித்துப்போகும். அப்படி ஒரு கச்சேரிக்கு யாராவது உங்களை அழைத்திருந்தாலோ, இணையத்தில் ஒன்றைக் கேட்க உட்காரப்போகிறீர்கள் என்றாலோ, இந்த வழிகாட்டி உங்களுக்கானது. மேற்கத்திய இசை முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய இசை என்றதும் பலர் வேகத்தையும் ஆட்டத்தையும் எதிர்பார்த்துப் போகிறார்கள். அது கிடைக்கும், குறைவில்லாமல் கிடைக்கும். ஆனால் இந்த இசையின் உயிர் ஆட்டம் நிற்கும் இடத்தில் இருக்கிறது. தாளம் சட்டென்று அடங்கி, ஒற்றைக் குரல் பாடுவதுபோல் ஒரு பகுதி வரும். அந்த இடத்துக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

முதல் படி: நிரலைப் படியுங்கள்

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே நிரல் இணையத்தில் கிடைத்துவிடும். அதில் உள்ள பெயர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, வெளியிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர். இவர் பெரும்பாலும் டொமினிகோ ஸ்கார்லட்டியாகத்தான் இருப்பார். 1685இல் நேப்பிள்ஸில் பிறந்த இத்தாலியர். லிஸ்பனில் போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு இசை ஆசிரியராக இருந்தார். 1729இல் அவர் ஸ்பானிய இளவரசரை மணந்து போனபோது ஸ்கார்லட்டியும் பின்னாலேயே போனார். முதலில் செவில், பிறகு மாட்ரிட். 1757இல் அங்கேயே இறந்தார். 555 சொனாட்டாக்கள், அதாவது விசைப்பலகைக்கான தனி இசைத் துண்டுகள், அவர் பெயரில் இருக்கின்றன. அவர் கையெழுத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பின்னாளில் அரசியான மரியா பார்பராவுக்காகப் படியெடுத்துக் கட்டிய தொகுதிகளால்தான் அவை பிழைத்தன. அவருக்குப் பக்கத்தில் அந்தோனியோ சொலெர் பெயரும் இருக்கலாம். எல் எஸ்கோரியல் மடத்துத் துறவி. அவருடையதாகச் சொல்லப்படும் ‘ஃபண்டாங்கோ’ பத்து நிமிடத்துக்கும் மேலாக ஒரே அடித்தள வரியைச் சுற்றிச் சுற்றி ஏறும்.

இரண்டு, மண்ணின் மைந்தர்கள். ஐசக் அல்பெனிஸ், என்ரிக்கே கிரனாடோஸ், மனுவெல் தெ ஃபாயா, ஹோவாகின் துரீனா, ஃபெடெரிக் மொம்போ. முதல் இருவரும் கேட்டலோனியாவில் பிறந்தவர்கள். ஆனால் அல்பெனிஸ் எழுதியதில் பெரும்பகுதி தெற்கே உள்ள ஆண்டலூசியாவைப் பற்றியது. கிரனாடோஸின் மனம் ஓவியர் கோயா காலத்து மாட்ரிட்டில் இருந்தது.

மூன்று, தூரத்திலிருந்து கற்பனை செய்தவர்கள். பிரான்சின் டெபுஸ்ஸி, ரவெல், ஹங்கேரியில் பிறந்த லிஸ்ட். லிஸ்ட் 1844, 45இல் தீபகற்பத்தைச் சுற்றிக் கச்சேரி செய்தவர், அதனால் நேரில் கேட்டவர். ரவெலின் தாய் பாஸ்க் இனத்தவர். இளமையை மாட்ரிட்டில் கழித்தவர். டெபுஸ்ஸி எல்லை தாண்டிப் போனது ஒரே ஒருமுறை, சான் செபஸ்தியானில் காளைப்போர் பார்க்க, அதுவும் சில மணி நேரம். இருந்தும் அவர் எழுதிய ‘கிரனாடாவில் மாலைப்பொழுது’ என்ற பகுதியைப் பார்த்து வியந்தவர் ஃபாயா. நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்துகூட ஒரு வரி எடுக்காமல் முழு ஸ்பெயினும் அதில் இருக்கிறது என்பது அவர் கருத்து.

போர்ச்சுகல் எங்கே என்று கேட்பீர்கள். அதுதான் என் குறையும். ‘ஐபீரியா’ என்று தலைப்பு வைத்துவிட்டு ஸ்பெயினோடு நின்றுவிடும் நிரல்கள் அதிகம். கார்லோஸ் சேய்ஷாஸ் என்ற பெயரைக் கண்டால் அந்த இளம் கலைஞர் கொஞ்சம் கூடுதலாகத் தேடியிருக்கிறார் என்று அர்த்தம். கோயிம்ப்ராவில் 1704இல் பிறந்து, லிஸ்பனில் ஸ்கார்லட்டியோடு அதே அரசவையில் பணியாற்றியவர். 1755 லிஸ்பன் பூகம்பத்தில் அவர் ஏடுகளில் பல அழிந்துபோயின. லிஸ்ட்டிடம் படித்த வியானா த மோட்டாவின் பெயர் இருந்தாலும் நல்லது.

இரண்டாம் படி: நான்கு கார்டுகளைக் காதில் ஏற்றுங்கள்

வீட்டில் ஒரு சிறு கீபோர்டு இருந்தால் போதும். கைபேசியில் பியானோ செயலி இருந்தாலும் சரி. கார்டு என்பது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது. ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று நான்கு கார்டுகளை வரிசையாக, மெதுவாக இறங்குங்கள். கடைசி ஈ மேஜரில் நின்றுவிடுங்கள். திரும்ப ஏ-க்குப் போகாதீர்கள்.

‘இன்னும் முடியவில்லையே’ என்று தோன்றும். அப்படித் தோன்றும் இடத்தைத்தான் ஆண்டலூசியா வீடாகக் கொள்கிறது. இந்த இறக்கத்துக்கு ஆண்டலூசிய முடிப்பு என்றே பெயர். கச்சேரி முழுக்க இது வேறு வேறு உடையில் வந்துகொண்டே இருக்கும். பாஸ் எனப்படும் அடி ஸ்வரம் படிப்படியாக இறங்கி, அரை ஸ்வரம் நெருங்கி வந்து உட்காரும்போது அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு. ஈ கட்டையை ஆதார ஷட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளில் மட்டும் ஏறுங்கள். கிடைப்பது ஹனுமத்தோடியின் ஸ்வரங்கள்: சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். காந்தாரத்தை மட்டும் அந்தரமாக உயர்த்தினால் வகுளாபரணம். ஆண்டலூசியப் பாட்டு இந்த இரண்டு காந்தாரத்துக்கும் நடுவே போய் வந்துகொண்டே இருக்கும். இறங்கும்போது ஒன்று, கார்டில் நிற்கும்போது மற்றொன்று. ஸ்வரம் ஒன்று என்பதற்காக தோடியின் கமகத்தைத் தேடாதீர்கள், அது கிடைக்காது.

ஆனால் கமகத்துக்கான ஏக்கம் கிடைக்கும். ஆண்டலூசியாவின் பாட்டும் ஆட்டமுமான ஃப்ளமெங்கோவின் ஆழ்ந்த பாட்டுமுறையான கான்டே ஹோன்டோவில் குரல் ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கி, நடுங்கி, வளைந்து போகும். பியானோ கட்டையால் வளைக்க முடியாது. அப்போது என்ன செய்வது? முக்கிய ஸ்வரத்துக்குச் சற்று முன் பக்கத்து ஸ்வரங்களை மின்னல்போல் தொட்டு வருவார்கள். அல்லது அரை ஸ்வர இடைவெளியில் உள்ள இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி உரசலை உண்டாக்குவார்கள். ஸ்கார்லட்டியின் கே. 119 எண் சொனாட்டாவில் (‘கே.’ என்பது கர்க்பாட்ரிக் என்பவர் தொகுத்த பட்டியலின் எண்) இந்த உரசல் கொத்துக் கொத்தாக வரும். முதல்முறை கேட்பவர் ‘தப்பாக வாசித்துவிட்டாரோ’ என்று நினைக்கக்கூடும். அப்படியேதான் எழுதியிருக்கிறது. ஒரு கருவியால் முடியாத ஒன்றை அதன்மேல் ஏற்றிவைக்கும் இந்த முயற்சிதான் எனக்கு இந்த இசையில் மிகவும் பிடித்தது.

மூன்றாம் படி: பன்னிரண்டைச் சொல்லிப் பழகுங்கள்

தகிட தகிட தக தக தக. ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ஒரு கைதட்டு. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, மொத்தம் பன்னிரண்டு. ஐந்து நிமிடம் விடாமல் சொல்லுங்கள். மிருதங்கம் கற்றவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை, மற்றவர்களுக்கும் சீக்கிரம் வந்துவிடும்.

மேற்கத்தியக் குறிப்பில் இதை ஆறு-எட்டும் (3+3) மூன்று-நான்கும் (2+2+2) மாறி மாறி வருவதாக எழுதுவார்கள். அல்பெனிஸின் ‘ஐபீரியா’ தொகுப்பில் உள்ள ‘ரோந்தேன்யா’ முழுக்க இந்த மாற்றத்தின்மேல் நடக்கிறது. ஃபாயாவின் ‘நான்கு ஸ்பானியத் துண்டுகள்’ தொகுப்பில் ‘குபானா’வும் அப்படியே. கேட்கும்போது மனதுக்குள் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே இருங்கள். எங்கே நழுவுகிறது, எங்கே வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறார் என்பதெல்லாம் தெரியவரும்.

இன்னொரு நடை ஹபனேரா. கியூபாவிலிருந்து கடல் தாண்டி வந்தது. எட்டு மாத்திரையை 3, 1, 2, 2 என்று பிரித்துத் தட்டிப் பாருங்கள். டெபுஸ்ஸியின் ‘கிரனாடாவில் மாலைப்பொழுது’ இந்த நடையோடுதான் தொடங்கும்: ஒரே ஸ்வரம், வேறு வேறு ஸ்தாயியில், மிக மெல்ல.

நான்காம் படி: பியானோவுக்குள் கிட்டாரைத் தேடுங்கள்

கிட்டார்தான் இந்த இசையின் மறைந்திருக்கும் கருவி. மூன்று இடத்தில் தேடலாம்.

ஒரே ஸ்வரம் படபடவென்று திரும்பத் திரும்ப வந்தால் அது விரல் மாற்றி மீட்டும் கிட்டார். ஸ்கார்லட்டியின் கே. 141, அல்பெனிஸின் ‘அஸ்தூரியாஸ்’, ரவெலின் ‘அல்போராதா தெல் கிராசியோசோ’ மூன்றிலும் கேட்கலாம். பியானோவில் இது சுலபமில்லை. ஒரு கட்டை மேலே வந்தால்தான் மறுபடி தட்ட முடியும். முழுக்க மேலே வராமலேயே மறுதட்டு விழும்படி ஒரு பொறியமைப்பை பியானோ தயாரிப்பாளர் செபஸ்டியன் எரார் உருவாக்கினார். 1821இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. இன்றைய கிராண்ட் பியானோவில் இருப்பது அதன் வழிவந்ததே. இருந்தும் ரவெலின் அந்தப் பகுதி வரும்போது கலைஞர்கள் அன்று மேடையில் கிடைக்கும் பியானோவின் கட்டைகளை நம்பித்தான் இருக்க வேண்டும். கனமான கட்டை அமைந்துவிட்டால் யாராக இருந்தாலும் திணறுவார்கள்.

கார்டு ஒன்று கீழிருந்து மேலாகச் சிதறி விழுந்தால் அது ஆறு நரம்பையும் ஒரே வீச்சில் உரசும் கை. அடியில் ஒரு ஸ்வரம் விடாமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் அது திறந்த நரம்பு.

‘அஸ்தூரியாஸ்’ பற்றி ஒரு வார்த்தை. நிறையப் பேர் இதைக் கிட்டாரில்தான் கேட்டிருப்பார்கள், கிட்டாருக்காக எழுதியது என்றும் நினைத்திருப்பார்கள். பியானோவுக்காக எழுதியது. 1890களில் ஒரு முன்னிசையாக வெளிவந்தது. அல்பெனிஸ் இறந்த பிறகு பதிப்பாளர் ஒருவர் அதை வேறு தொகுப்பில் சேர்த்து, ‘அஸ்தூரியாஸ்’ என்ற பெயரையும் வைத்தார். அஸ்தூரியாஸ் ஸ்பெயினின் வடக்கே, மழையும் பசுமையுமான பகுதி. இந்த இசையோ தலை முதல் கால் வரை தெற்கத்தியது. பெயரை மறந்துவிட்டுக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கோப்லாவுக்காகக் காத்திருங்கள்

இதுதான் நான் முதலில் சொன்ன இடம். ஆட்டத்துக்கு நடுவே வரும் பாட்டுப் பகுதியைக் கோப்லா என்பார்கள். அல்பெனிஸின் கட்டமைப்பு பெரும்பாலும் ஆட்டம், கோப்லா, மறுபடி ஆட்டம் என்று இருக்கும்.

‘அஸ்தூரியாஸி’லேயே தொடங்குங்கள். முதல் பகுதியின் படபடப்பு முடிந்ததும் எல்லாம் நின்றுவிடும். பிறகு இரண்டு கைகளும் ஒரே மெட்டை, இரண்டு ஸ்தாயி இடைவெளியில், துணைக்கு எதுவும் இல்லாமல் வாசிக்கும். நடுவில் வெறுமை. சில ஸ்வரங்கள் பாடிவிட்டு மூச்சு வாங்குவதுபோல் ஓர் இடைவெளி, பிறகு அடுத்த வரி. தாளம் போட்டுப் பார்க்காதீர்கள்.

அடுத்து ‘எல் அல்பைசின்’. ‘ஐபீரியா’ 1905 முதல் 1908 வரை எழுதப்பட்ட பன்னிரண்டு துண்டுகள், நான்கு புத்தகங்கள். பிரான்சில், சிறுநீரக நோயோடு போராடிக்கொண்டே எழுதியது. முடித்த அடுத்த ஆண்டே, 1909 மே மாதம், 49 வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு அல்பெனிஸ் இறந்துவிட்டார். அல்பைசின் என்பது கிரனாடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு எதிர்க்குன்றில் உள்ள பழைய குடியிருப்பு. இந்தத் துண்டு மிக மெல்லிய, காய்ந்த கிட்டார் ஒலியோடு தொடங்கும். கோப்லா வரும்போது மறுபடி அதே வித்தை: கைகள் ஒன்றாக, ஒற்றைக் குரலாக. இந்தத் தொகுப்பில் ‘மெல்ல’ என்னும் குறியை ஐந்து முறை அடுக்கி எழுதியிருக்கும் இடங்கள் உண்டு. அதை மதித்து வாசிக்கும் இளைஞரைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை வரும்.

கிரனாடோஸின் வழி வேறு. ‘கோயெஸ்காஸ்’ தொகுப்பை அவரே 1911இல் பார்சலோனாவில் முதலில் வாசித்தார். அதில் நான்காவது, ‘மாஹாவும் இராப்பாடியும்’ (மாஹா என்றால் கோயா காலத்து மாட்ரிட்டின் மிடுக்கான பெண், இராப்பாடி ஒரு பறவை) என்று அழைக்கப்படுவது, முழுக்கவே ஒரு கோப்லா என்று சொல்லலாம். ஆட்டமே இல்லை. ஒரு பெண் இரவில் பாடுகிறாள். கடைசியில் அவள் நிறுத்த, பறவை மட்டும் தன் போக்கில் பாடுகிறது. இதை மனைவி அம்பாரோவுக்குக் காணிக்கையாக்கினார். இந்தத் தொகுப்பிலிருந்து உருவான ஓபரா 1916 ஜனவரியில் நியூயார்க்கில் அரங்கேறியது. வெள்ளை மாளிகையில் வாசிக்க அழைப்பு வந்ததால் ஊர் திரும்பும் பயணம் தள்ளிப்போனது. மார்ச் 24 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த சசெக்ஸ் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. கணவன் மனைவி இருவரும் இறந்தார்கள். ஆறு பிள்ளைகள் அனாதையானார்கள். இதைத் தெரிந்துகொண்டு கேட்பதா, தெரியாமல் கேட்பதா என்றால், முதல்முறை தெரியாமல் கேட்பதே நல்லது என்பேன். நான் சொல்லிவிட்டேன், அதனால் அந்தப் பெண்ணின் பாட்டில் மட்டும் மனதை வையுங்கள்.

ஸ்கார்லட்டியிடமும் கோப்லா உண்டா? அந்தப் பெயரில் இல்லை. ஆனால் கே. 208ஐக் கேளுங்கள். கீழே நிதானமாக அடி விழ, மேலே மெட்டு தாளத்தைச் சட்டை செய்யாமல் அலைகிறது.

ஆறாம் படி: அரங்கில்

பியானோக் கலைஞர் நமக்கு வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார் என்பதால், நீங்கள் இடப்பக்க இருக்கையில் அமர்ந்தால் விரல்கள் தெரியும். ஒலி மட்டும் போதும் என்றால் நடுவில் உட்காருங்கள். தாமதமாக வந்தால் ஒரு துண்டு முடியும் வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். நம் சபாக்களைப்போல நடுவில் ‘ஆஹா’ சொல்லவோ தலையாட்டித் தாளம் போடவோ அங்கே வழக்கமில்லை. ஒரு தொகுப்பு முழுதும் முடிந்து, கலைஞர் கையைக் கட்டையிலிருந்து எடுத்து எழுந்த பிறகே கைதட்டல்.

நேரில் போக வழியில்லாதவர்களுக்கு: மாட்ரிட்டில் உள்ள ஹுவான் மார்ச் அறக்கட்டளை இலவசக் கச்சேரிகள் நடத்துகிறது, இளம் கலைஞர்களுக்கும் மேடை தருகிறது, இணையத்தில் நேரலையும் செய்கிறது. பார்சலோனாவில் 1954 முதல் நடக்கும் மரியா கனால்ஸ் போட்டியும், சான்டாண்டரில் 1972இல் தொடங்கிய போட்டியும் இளைஞர்களைக் கேட்க நல்ல இடங்கள்.

ஏழாம் படி: இளம் கலைஞரை எப்படி எடைபோடுவது

வேகத்தை வைத்து எடைபோடாதீர்கள். இந்த வயதில் எல்லோருக்கும் வேகம் இருக்கிறது. நான் மூன்று விஷயம் பார்ப்பேன்.

ஸ்கார்லட்டி சொனாட்டா இரண்டு பாதியாக இருக்கும். ஒவ்வொரு பாதியும் இரண்டு முறை வரும். இரண்டாம் முறை ஏதாவது மாறுகிறதா? ஒலியளவோ, ஒரு சிறு அலங்காரமோ, ஏதோ ஒன்று. அச்சடித்ததுபோல் அப்படியே வந்தால் அவர் இன்னும் பாடத்தை ஒப்பிக்கிறார்.

அப்புறம், பெடல், அதாவது ஒலியை நீளவைக்கும் கால்மிதி. கிட்டாரின் ஒலி சட்டென்று மறையும். காலைப் பெடலிலேயே வைத்திருந்தால் எல்லாம் குழம்பி, கிட்டார் காணாமல் போய்விடும். நல்ல கலைஞர் காய்ந்த ஒலிக்குப் பயப்பட மாட்டார்.

மூன்றாவது, கோப்லாவில் அவருக்குப் பொறுமை இருக்கிறதா என்பது. பயம் இருந்தால் அந்த மௌனங்களைச் சுருக்கிவிடுவார்கள். தேவைக்கு மேல் உருகுபவர்களும் உண்டு. வரிக்கு வரி இழுத்தால் பாட்டின் எலும்பே நொறுங்கிவிடும். இதில் அளவுகோல் வேண்டுமென்றால் அலிசியா தெ லரோச்சாவின் பதிவுகளைக் கேளுங்கள். பார்சலோனாவில் 1923இல் பிறந்தவர். கிரனாடோஸ் 1901இல் தொடங்கிய பள்ளியில், அவர் மாணவர் ஃப்ராங்க் மார்ஷலிடம் கற்றவர். கைகள் சிறியவை, ‘ஐபீரியா’வோ பெரிய கைகளையே திணறடிப்பது. அதை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முழுதாகப் பதிவு செய்தார். தாளம் ஒரு இழைகூடப் பிசகாது, மேலே பாட்டு மட்டும் சுதந்திரமாகப் போகும்.

நிரலின் கடைசியில் ஃபாயாவின் ‘ஃபன்டாசியா பெட்டிகா’ இருந்தால் தயாராக இருங்கள். பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் கேட்டுக்கொண்டதற்காக 1919இல் எழுதி, அடுத்த ஆண்டு அவர் நியூயார்க்கில் வாசித்தது. ஏறக்குறைய பதின்மூன்று நிமிடம், முரட்டுத்தனமானது, கெஞ்சவே கெஞ்சாது. முதல்முறை பிடிக்காமல் போனால் கவலை வேண்டாம். நான்கு கார்டும், பன்னிரண்டு எண்ணிக்கையும், உரசும் நரம்பும், நடுவில் வரும் பாட்டும் எல்லாம் அதில் இருக்கின்றன, அலங்காரம் உரித்த நிலையில். வீட்டுக்கு வந்து இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள்.

கைதட்டல் ஓயாமல் இருந்தால் கூடுதலாக ஒன்று வாசிப்பார். ஃபாயாவின் ‘நெருப்பு நடனம்’ வந்தால் அரங்கு துள்ளும். மொம்போ வந்தால் அதிர்ஷ்டம். அவருடைய ‘மூசிகா கயாதா’ இருபத்தெட்டு சிறு துண்டுகள் கொண்டது. பலவற்றில் ஒரு பக்கத்துக்கு மேல் ஸ்வரமே இல்லை. தாத்தா வழியில் மணி வார்க்கும் பட்டறை வைத்திருந்த குடும்பம், அதனால் அவருடைய கார்டுகளில் மணியின் உலோக ஒலியைக் கேட்கலாம். எந்தத் துண்டு என்று அரங்கில் அறிவிப்பது காதில் விழாமல் போகலாம். வெளியே வரும்போது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; கச்சேரி முடிந்த இளம் கலைஞர்கள் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.